எம்.டி. தின்று காட்டிய வெள்ளரிக்காய்

"எம்.டி.க்கு வயிறு எப்படி இருக்கு?"

ஆய்வகப் பெண் கேட்டதும், டிரைவர் கார் துடைப்பதை நிறுத்தினார். "மூணு நாளா காலையிலயும் சாயங்காலமும் அவர் வயித்தையே விசாரிக்கறீங்க மேடம். எனக்கும் ஒரு வயிறு இருக்கு, கேட்கத்தான் ஆளில்லை."

"வாந்தி, காய்ச்சல் ஏதாவது..."

"வர்ற வழியெல்லாம் என்னைத் திட்டிட்டு வந்தார். முடியாதவர் பண்ற காரியமா அது?"

அவளுக்குப் போன உயிரில் பாதி திரும்பியது.

கம்பெனியின் புதுக் கண்டுபிடிப்பு, கீரைச் செடியில் விளைவித்த ஒரு புரதம். உணவில் தெளித்தால் நோய்க்கிருமியைக் கொன்றுவிடும். மூன்று நாளுக்கு முன் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அதை நிரூபிக்க, வெள்ளரிக்காயை நறுக்கி இரண்டு தட்டுகளில் வைத்தாள். இரண்டிலும் கிருமியை விட்டாள். ஒன்றில் மட்டும் புரதத்தைத் தெளித்தாள். தெளித்ததைத் தானே தின்று காட்டப் போவதாக எம்.டி. அறிவித்தார். அறிவிப்புக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. தட்டிலிருந்த லேபிள்கள் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று கிழிக்கச் சொன்னதும் அவர்தான்.

புகைப்படக்காரர் வெளிச்சம் பார்த்துத் தட்டுகளை இடம் மாற்றியதை அவள் கவனிக்கவில்லை. தெளித்ததை இடப்பக்கம் வைத்த நினைப்பில் அந்தப் பக்கத் தட்டை நீட்டினாள். எம்.டி. கைவிட்டு அளைந்தார், வாயில் போட்டார், கேமராவைப் பார்த்து மென்றார்.

மிச்சத்தைச் சோதனைக்கு வைத்தாள். மறுநாள் பார்த்தால், எம்.டி. கைவிட்ட தட்டில் கிருமி மொய்த்துக் கிடந்தது. மற்றதில் மருந்துக்குக்கூட இல்லை.

ஓடினாள். எம்.டி. பேட்டியில் இருந்தார். மூன்று நாளும் பேட்டியிலேயே இருந்தார். செயலாளரிடம் சொன்னால் விஷயம் ஊர் சுற்றும். டிரைவரை விட்டால் வேறு வழியில்லை.

மூன்றாம் நாள் மதியம் எம்.டி.யே அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாம்மா. என் உடம்பு மேல உனக்கு அவ்வளவு அக்கறையாமே, டிரைவர் சொன்னான். பாரு, இரும்பு மாதிரி இருக்கேன். எல்லாம் நம்ம புரதத்தோட மகிமை."

"சார்... நான் நீட்டினது தெளிக்காத தட்டு. தப்பு என்னோடதுதான். இன்னும் ரெண்டு நாள் கழிச்சுக்கூட ஏதாவது வரலாம். முதல்ல டாக்டர்கிட்ட போயிடுங்க சார். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

எம்.டி. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"கண்ணைத் துடைம்மா. உன் வேலையும் போகாது, என் உயிரும் போகாது."

"எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் மென்னது உன் தட்டுல இருந்ததே இல்லம்மா, கைக்குள்ள மறைச்சு வச்சிருந்தது. என் வீட்டுக்காரி காலையில நறுக்கி, டப்பாவுல போட்டுக் கொடுத்தனுப்பினது."