பதினெட்டுப் பீப்பாய்

ஒரு ஊரிலே ஒரு அம்மாவுக்குப் பதினெட்டுப் பீப்பாய் ஒயின் இருந்தது. பதினைந்து நல்லது, மூன்று கெட்டது. எந்த மூன்று என்பது அந்த அம்மாவுக்கும் அவள் கொழுந்தனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஊர் ஒயினுக்குப் பேர்போன போர்தோ பக்கம். அம்மா பெயர் ஒதீல், கொழுந்தன் ஃபிர்மான்.

அங்கே ஏப்ரல் பிறந்தால் தரகர்கள் வருவார்கள். பீப்பாயில் கிடக்கிற பிஞ்சு ஒயினைச் சுவைத்து, இது தேறும், இது தேறாது என்பார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி எங்கெங்கோ இருக்கிறவர்கள் முன்கூட்டியே பணம் கட்டிவிடுவார்கள். பாட்டில் கைக்கு வர இரண்டு வருஷம் ஆகும். தபால் நிலையத்து ஜோசெத்கூட, பேத்தி பிறந்த வருஷத்து ஒயின், அவள் கல்யாணத்துக்கு உடைக்கலாம் என்று ஒதீலிடம் ஒரு பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒதீல் இந்த ஏப்ரலில் விற்றே ஆகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பனி கொடியைக் கருக்கியதில் போன ஏப்ரலில் விற்க ஒன்றுமில்லை. இந்த வருஷமும் விற்காவிட்டால் நிலம் பக்கத்து மாளிகைக்காரருக்குத்தான்.

கெட்ட மூன்றிலும் குதிரை லாயத்து வாடை. நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். ஃபிர்மான் அவற்றின் மேல் போட்டிருந்த சாக்பீஸ் குறியைத் துடைத்துவிட்டான். மூன்றும் மற்றவற்றோடு மூலையில் நின்றன.

வந்த தரகர் கஸோ. எழுபது வயது. அந்தப் பக்கத்தில் அவர் மூக்குக்குத்தான் மரியாதை.

வாசலை ஒட்டிய பீப்பாயைக் கேட்டார். நல்லா இருக்கு என்றார். நடுவில் ஒன்று. அதுவும் நல்லா இருக்கு. ஒதீல் மூச்சு விடப் போனபோது கையை நீட்டினார்.

"மூலையில நிக்குதே, அது."

ஃபிர்மான் கண்ணாடிக் குழாயால் மொண்டு ஊற்றினான். கஸோ கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டார். விளிம்புக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஒரு வாய் குடித்து வாளியில் துப்பினார்.

"நல்லா இருக்கு மேடம்."

ஒதீலுக்குப் பயம் போகவில்லை, வேறு பயமாக மாறியது. நாலடி தள்ளி நிற்கிற தனக்கே வாடை அடிக்கிறதே, இவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

ஃபிர்மான் அவளை ஓரமாக இழுத்தான். "கெழவனுக்கு மூக்கு செத்துப் போச்சு அண்ணி. நமக்கு யோகம். வாயைத் தொறந்துடாதீங்க."

கஸோ விடைபெற்று முற்றத்தில் நடந்தார். ரொம்ப மெதுவாக. நடுவில் நின்று செருப்பிலிருந்த கல்லை உதறினார். கொடியைப் பார்த்தார். மறுபடி நடந்தார்.

பதினெட்டையும் ஒன்றாகக் கலந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். மூன்று போதும், மொத்தமும் லாயம்தான். ஒதீலுக்கு ஜோசெத் ஞாபகம் வந்தது. கல்யாணப் பந்தியில் எல்லோரும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகிற அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது.

காரின் கதவில் அவர் கை வைக்கும்போது ஓடிப்போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் பீப்பாய் கெட்டது. அதோட சேத்து மூணு இருக்கு."

பின்னால் ஃபிர்மான் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"மூணா? நான் ரெண்டுன்னுல்ல நெனச்சேன்" என்றார் கஸோ.

"அப்போ உங்களுக்கு வாடை தெரிஞ்சுதா?"

"வாடையா? ரெண்டு வருஷமா எனக்குக் காலைக் காப்பியே வெந்நீர்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள நுழைஞ்சதும் உங்க கண்ணு ரெண்டு தடவை அந்த மூலைக்குப் போச்சு. நான் கிளாஸுக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

காரின் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. எது எதுன்னு தெரியல. நீங்க சொல்லாம விட்டிருந்தா பதினெட்டுமே வேண்டாம்னு எழுதியிருப்பேன். நீங்களே வந்து சொல்லட்டும்னுதான் அவ்வளவு மெதுவா நடந்தேன்." கையை நீட்டினார். "பதினஞ்சுக்கு என் வாக்கு."

நிலம் பிழைத்தது. ஆனாலும் ஒதீல் உடனே கையைக் கொடுக்கவில்லை.

"மூக்கு இல்லாம வாக்குக் கொடுக்கறது தப்பில்லையா ஐயா?"

கஸோ சுற்றுமுற்றும் பார்த்தார். பயந்த மனிதரின் பார்வை.

"தப்புதான். ஆனா ஒண்ணு மேடம். மூக்கு நல்லா இருந்தப்போ அஞ்சு தடவை ஏமாந்திருக்கேன். அது போனப்புறம் ஒரு தடவைகூட இல்ல."

அவள் கை கொடுத்தாள். அவர் அதற்குமேல் நிற்கவில்லை. கார் இங்கே நிற்கிறதை மறந்து, நல்ல வேகமாகவே, வெளிவாசல்வரை நடந்து போய்விட்டார்.