மூன்று வீட்டு எருமை

டொண்... டொண்... விரிசல் விட்ட வெண்கல மணியின் சத்தம் அது. எழும்பி, பாதியிலேயே அமுங்கிவிடும். 1979 ஜனவரியில், தில்லிக்கு வெளியே ஒரு கிராமத்தில், ஓர் எருமையின் கழுத்தில் கேட்டேன்.

முதல் வீட்டில் கேட்டேன். இரண்டாம் வீட்டிலும் கேட்டேன். மூன்றாம் வீட்டு வாசலில் எங்கள் ஜீப் நின்றபோது, கொல்லைப்புறமாக அதே மணி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தது.

சிறு விவசாயிகளுக்குக் கறவை மாடு வாங்க அரசாங்கம் மானியம் கொடுத்த காலம். குடும்பத்துக்கு ஓர் எருமை. வீட்டில் எருமை நிற்கிறதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மானியத்தைத் திருப்பி வசூலித்துவிடுவார்கள். பார்க்கப் போனது அதிகாரி வேதாந்தம் சாரும், எம்.ஏ. முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான நானும்.

"சார், இது அதே எருமை."

"அப்படியா?"

"மணியைக்கூடக் கழட்டலை சார்."

"எருமைன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். தில்லி சரோஜினி நகர்ல வளர்ந்த உனக்கு என்ன தெரியும்?"

வீட்டுக்காரி பர்பாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லஸ்ஸி கொண்டுவந்தாள். சார் ரசித்துக் குடித்தார். மூன்று வீட்டிலும் குடித்தார்.

படிவத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம். நான் பேனாவைத் திறந்தேன்.

"நீ போட வேண்டாம், வத்சலா."

"ரெண்டு பேர் போடணுமே சார்."

"ஒண்ணு போதும்கறேனே. குளிர்றது பார், ஜீப்ல போய் உக்காரு."

எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்கு இதில் ஏதோ வரும்படி. நானும் கையெழுத்துப் போட்டால் பங்கு கேட்பேன் என்று பயம்.

அந்த வாரமே, லஞ்சப் புகார்களை விசாரிக்கும் விஜிலன்ஸுக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலம். தபாலில் சேர்க்குமுன் இரண்டு முறை படித்து ரசித்தேன்.

மார்ச்சில் விசாரணை. பர்பாயி எதையும் மறைக்கவில்லை.

"எருமை வாங்கன்னு சர்க்கார் கொடுத்தது, கடனும் மானியமுமாச் சேர்ந்து வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு. சந்தையில எருமை மூவாயிரத்து ஐநூறு. அதான் மூணு வீடும் சேர்ந்து ஒண்ணு வாங்கினோம். நாளுக்கு ஒரு வீட்டுல கறக்கிறோம். இன்னிக்கு என் முறை, நான் இங்கே உக்காந்திருக்கேன்."

"வேதாந்தத்துக்கு இது தெரியுமா?"

"முதல்லயே போய்ச் சொன்னோம் சாஹப். 'எருமையைப் பார்த்துக்கோங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன். கூட ஒரு பொண்ணு வருவா, அவ நம்பற மாதிரி வீட்டுக்கு வீடு கட்டிக் காட்டுங்க'ன்னார்."

விசாரணை அதிகாரி படிவங்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் போயிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து எங்கே?"

நான் வாயைத் திறக்குமுன் வேதாந்தம் சார் எழுந்தார்.

"அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். தெரிந்துகொண்டு பொய்க் கையெழுத்துப் போட்டால் அவள் வேலையும் போய்விடும். நான்தான் போட விடவில்லை."

ஜூனில் எருமையை ஏலம் விட்டார்கள். வேதாந்தம் சாரைப் பதவி இறக்கித் தபால் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம், வருகிற கடிதங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.