ஒரே மைக்கில் இருவர்

திரையில் பெண் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அந்த அதிகாரிக்கு முதல் எபிசோடிலிருந்தே தமிழில் பெரியம்மாதான் குரல். வேறு ஏதோ மொழியில் எடுத்த துப்பறியும் தொடர். வாரம் ஒரு பெண் காவல் நிலையத்துக்கு வந்து, தன்னை ஒருவன் என்ன செய்தான் என்று சொல்வாள். அதிகாரியும் அவளுடைய கூட்டாளியும் தேடிப் போய் அவனைப் பிடிப்பார்கள். தப்பித்தவன் ஒருத்தன்கூட இல்லாத ஊர் அது என்று பெரியம்மா வீட்டில் கேலி செய்வாள்.

இந்த வாரத்துப் பெண்ணுக்குக் குரல் கொடுக்க வந்திருந்தவள் பெரியம்மாவின் தங்கை மகள். பக்கத்திலேயே, அதே மைக் முன்னால், வசனப் பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வழக்கமாக இப்படி இருவர் சேர்ந்து நிற்பதில்லை. கேள்வி கேட்பவள் காலையில் வந்து கேள்விகளை மட்டும் பேசிவிட்டுப் போவாள். பதில் சொல்பவள் சாயங்காலம் வந்து பதில்களை மட்டும் சொல்வாள். இரண்டையும் பிறகு ஒட்டிக்கொள்வார்கள்.

பெரியம்மா இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களை விசாரித்திருக்கிறாள். ஒருத்தியின் பதிலைக்கூடக் காதால் கேட்டதில்லை.

ஆனால் இவள் ஒரே பிடிவாதம். பெரியம்மா கூட நின்றால் பேசுகிறேன், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்றுவிட்டாள். முழு எபிசோடும் இவள் குரலில்தான் நிற்கிறது. இதைக் கோட்டை விட்டால் மறுபடி கூட்டத்தோடு கூட்டமாக ஐயோ அம்மா என்று கத்தும் வேலைதான். சிபாரிசு செய்த பெரியம்மாவின் மானமும் சேர்ந்து போகும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் தனியாக உட்கார்ந்திருந்தார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணன். குரலை உயர்த்திப் பேச மாட்டார். புதிதாக வருகிறவர்களை, மற்றவர்கள் கிளம்பிய பிறகு உட்கார வைத்து, மூச்சு விடுவதிலிருந்து சொல்லிக்கொடுப்பார். தங்கை மகளுக்கும் அப்படித்தான் பயிற்சி நடந்தது. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று பெரியம்மா உருகிப்போயிருந்தாள்.

கொஞ்ச நாளாகத் தங்கை மகளுக்கு ஸ்டுடியோ என்றாலே தலைவலி வந்துவிடும். மைக் பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தங்கைக்குத் தைரியம் சொன்னது பெரியம்மாதான். ஒவ்வொரு முறையும் இவளைத் தாஜா பண்ணி அனுப்பிவைத்ததும் அவள்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. படம் ஓடத் தொடங்கியது.

பெரியம்மா கேட்டாள். எந்த அறை, கதவு சாத்தியிருந்ததா, வேறு யாராவது இருந்தார்களா.

தங்கை மகள் பதில் சொன்னாள். பேப்பரில் அழுகையுடன் என்று போட்டிருந்தது. இவள் அழவில்லை. வீட்டுக்கு வழி சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனாள். இது தேறாது, இப்போது நிறுத்திவிடப் போகிறார் என்று பெரியம்மா நினைத்தாள். அண்ணன் நிறுத்தவில்லை.

திரையில் அதிகாரி முன்னால் குனிந்தாள்.

"பயப்படாத. அவன் யாருன்னு மட்டும் சொல்லும்மா."

திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. தங்கை மகள் பேப்பரைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னாள்.

பேப்பரில் இருந்த பெயர் அல்ல. அந்தத் தொடரில் அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆனால் வாயசைவுக்கு அச்சாகப் பொருந்தியது. வீட்டில் எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாளோ.

பழக்க தோஷம், பெரியம்மா முதலில் கவனித்தது அந்தப் பொருத்தத்தைத்தான். மனசுக்குள் சபாஷ் என்றுகூடச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் பெயர் உள்ளே இறங்கியது.

எல்லோரும் அண்ணன் அண்ணன் என்றே கூப்பிட்டதில், அவருடைய அந்தப் பெயரை அந்தக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருக்கும்.

படம் நின்றது. ஹெட்போனில் அவன் குரல் வந்தது. பேர் மாறிப்போச்சும்மா, பரவாயில்லை, பதட்டப்படாமல் அந்த இடத்திலிருந்து இன்னொரு டேக் போகலாம் என்றான். அதே தணிந்த குரல். ஒரு பிசிறு இல்லை. அதைக் கேட்டபோதுதான் பெரியம்மாவுக்கு அந்தத் தலைவலி எதனால் என்று புரிந்தது. அனுப்பிவைத்தது நான்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு மறுபடி எரிந்தது. திரையில் அதிகாரி மறுபடி குனிந்து வாயை அசைத்தாள். குரல் வரவில்லை.

பெரியம்மா ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். தங்கை மகளின் கையிலிருந்த பேப்பரை வாங்கிக் கீழே வைத்தாள். இந்த வேலை இன்றோடு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து நின்றதும் தெரிந்தது.

"எனக்குக் கேட்டுடுச்சு. இனி நீ இதைச் சொல்ல வேண்டிய இடம் வேற. வா."