மூன்று சுற்று

"எனக்கு பட்டன் வச்சதுதான் வேணும். தொட்டா நகர்ற ஸ்க்ரீனை நீங்களே வச்சுக்குங்க" என்றார் பல் டாக்டர்.

ஹெல்மெட்டும் டயரும் தொங்கும் அந்தக் கடையில், வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவிகளில் ராஜா அதுதான். அதை மேஜையிலிருந்து எடுக்கக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

டாக்டர் பையைத் திறந்து, பழுப்பு நிறக் கையுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு ராஜாவைத் தொட்டார். அசையவில்லை. இரண்டு தட்டு தட்டினார். அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. மண்பாதையில் வண்டி ஓட்டுகிறவளுக்குக் கையுறை இல்லாமல் ஆகாது, ஒவ்வொரு வளைவிலும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டார்.

கடைக்காரர் பட்டன் வைத்த கருவியை எடுத்து வைத்தார். செங்கல் கனம். ஆனால் சாதாரண பேட்டரி போதும், மழையில் நனையலாம், ஹேண்டில்பாரில் இறுக்கிவிடலாம். மலையின் ஏற்ற இறக்கமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. பேட்டரி தீர்ந்தாலும் கைகொடுக்க, நனையாத தாளில் அச்சடித்த வரைபடம் ஒன்றும் கூட வந்தது. டாக்டருக்குப் பிடித்துவிட்டது.

கூட வந்திருந்த கணவருக்குப் பிடிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எதைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்றுதான் முதலில் யோசிப்பார். மனைவி மலையில் எங்கே இருக்கிறார் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தன் செல்போனில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் கருவி ஒன்று இருப்பதைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"அதை வாங்கினா ஞாயித்துக்கிழமை தனியா போ. இல்லேன்னா வண்டிச் சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

"நான் என்ன கொரியர் பார்சலா, எங்க வருதுன்னு பாத்துட்டே இருக்க?"

"போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துபோச்சா?"

மறக்க விட்டால்தானே. டாக்டர் தனியாக மலைக்குப் போய், வழி தவறி, ஏழு மணி நேரம் அலைந்துவிட்டு வந்த கதையைக் கணவர் சொல்லாத விருந்து கிடையாது. கோழி கிளறினது மாதிரி இருக்கு பாருங்க என்று, மனைவி அலைந்த தடம் பழைய கருவியில் கோடாகப் பதிவாகியிருந்ததைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிச் சிரித்தார். பல் பிடுங்க வந்த ஒருவர், வாயில் பஞ்சோடு, "வழி கிடைச்சுதா டாக்டர்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

டாக்டருக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். யாரும் தேடி வந்து அவரை மீட்கவில்லை. தானாகத்தான் வழி கண்டு இறங்கினார். அதை மட்டும் எந்த விருந்திலும் யாரும் சொல்லவில்லை.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் வியாபாரம் கெட்டுவிடப் போகிறதே என்று கடைக்காரர் நடுவில் புகுந்தார். தனியாகப் போக அருமையான ரூட் ஒன்று இந்த வருஷ வரைபடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று கருவியில் ஒரு கோட்டைக் காட்டினார். மற்ற பாதைகளெல்லாம் ஓடையில் இறங்கி ஏறும், மழை பெய்தால் அதோடு சரி. இது ஒன்றுதான் ஓடையையே தொடாமல் மலையைத் தாண்டுகிறது. வாரத்துக்கு நாற்பது பேர் போகிறார்களாம்.

கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "நடுவுல என்ன முடிச்சு மாதிரி?"

"அதுதான் சார் இதுல விசேஷமே. அங்க ஒரு பெரிய பாறை. அதை மூணு தடவை சுத்தணும். மொத சுத்துல பள்ளத்தாக்கு முழுசா தெரியும். ரெண்டாவதுல எதிர்க்காத்து பழகும். மூணாவதுல வண்டி அந்த மண்ணுக்குப் பழகிடும். யோசிச்சுப் பண்ணிருக்கார் மனுஷன்."

அந்த மனுஷன் யார் என்று டாக்டர் கேட்டார். அதுதான் தெரியவில்லையாம். கோடு மட்டும் கை மாறிக் கை மாறி இவர்களுடைய ரைடர்ஸ் குரூப்புக்கு வந்திருக்கிறது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். பாறை உச்சியில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு கறுப்புக் கையுறை, அதன் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

"அவர் அடையாளத்துக்கு விட்டுட்டுப் போனது. கீழ கிடந்துது, நாங்கதான் எடுத்து மேல வச்சோம். அதைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்."

டாக்டர் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகம் தெரியாத அந்த மனிதர் மேல் கணவருக்கு மரியாதை பொங்கிவிட்டது. "பாத்தியா, இதுக்குப் பேர்தான் திறமை. இந்த ஆள் உன்கூட வரட்டும், புள்ளியும் வேணாம் கிள்ளியும் வேணாம். ஞாயித்துக்கிழமை என்ன, தினம் போ. நான் வாயே திறக்கல."

"சாவி?"

"இந்தா, இவர் முன்னாடியே வைக்கறேன். ஆளைக் காட்டு, எடுத்துக்கோ." சாவியை மேஜையில் வைத்தார்.

டாக்டர் பட்டன் கருவிக்கே பில் போடச் சொன்னார். பிறகு பையைத் துழாவி, இடது கைக்கான உறையை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்பு நிறம். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

"போன வருஷம் பழைய ஸ்க்ரீனைத் தொடறதுக்காக இதோட ஜோடியைக் கழட்டினேன், எங்கயோ விழுந்துடுச்சு. அதைத் தேடித்தான் அந்தப் பாறையை மூணு தடவை சுத்தினேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.