பொம்மைக்கு வந்த நிறம்

இன்னும் ஒரு புடவை ‘படத்தில் வேறு நிறம்’ என்று திரும்பி வந்தால், கோமளத்தின் கடையை ஆன்லைன் தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். இதற்கெல்லாம் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா பையனைத்தான் அவள் கூப்பிடுவாள். ரித்விக் வண்ணக் கட்டங்கள் போட்ட அட்டையோடு சந்தாபுராவிலிருந்த சித்தியின் கடைக்கு வந்தான். அட்டையைப் படமெடுத்து, அசல் நிறங்களைக் கேமராவுக்குச் சொல்லித்தரும் புரொஃபைல் ஒன்றைச் செய்து, புடவைப் படத்தில் போட்டான்.

அரக்குப் புடவை அரக்காகவே வந்தது. அதைக் கட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பொம்மை மட்டும் மாநிறமாக வந்தது.

“பொம்மையை வெள்ளையாக்கட்டுமா சித்தி? ஆனா புடவை நிறம் கெடும்.”

“சும்மா இருடா. நான் விக்கறது புடவையா, பொம்மையா?”

ஒரு புடவைகூடத் திரும்பவில்லை.

அடுத்த மாதம் புதுப் புடவைகளை எடுத்தான். புடவை நிறம் அச்சு அசல். படத்தில் பொம்மை கறுத்திருந்தது. இடது மணிக்கட்டில் மட்டும், வாட்ச் கட்டிய தடம்போல ஒரு பட்டை வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலில்லாத அந்த அறையில் பொம்மை வெள்ளைவெளேரென்று நின்றது.

“வெயில்ல சுத்தறா போல,” என்றான், சிரிப்பு வராமல்.

சித்தி படத்தையே பார்த்தாள். “புடவை கலர் சரியாடா?”

“சரி.”

“அப்ப போடு.”

சாயங்காலம் அறையைப் பூட்டுமுன், பொம்மையின் கையில் தன் குடையை மாட்டிவிட்டு வந்தாள்.