நாலுக்கு அடங்காத பாட்டு

"ஊர்வலப் பாட்டை ஏழு எண்ணிக்கையிலயா போட்டிருக்கீர்?" என்று கேட்டார் தம்புசாமி.

"ஆமாங்க. மூணும் நாலும்," என்றார் ரெங்கசாமி, ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"மனுசனுக்குக் கால் எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு காலை வச்சுக்கிட்டு ஏழுக்கு எப்படி ஓய் நடக்குறது?"

கோஷ்டி சிரித்தது. தம்புசாமி வேடிக்கையாகப் பேசினால் சிரித்து வைப்பது பிரிக்பீல்ட்ஸ் பஜனை கோஷ்டியின் எழுதாத சட்டம். அவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி, கோஷ்டிக்குச் செக்ரட்டரி. சங்கீதம் படித்தவரல்ல. ஆபீசில் மேசையைத் தட்டித் தட்டியே தாளத்தில் கரை கண்டவர்.

ரெங்கசாமி நாடகக் கம்பெனியோடு கப்பலேறி வந்தவர். கம்பெனி ஊர் திரும்பியபோது இவர் மட்டும் தங்கிவிட்டார். தைப்பூச ஊர்வலத்தில் பாடிக்கொண்டே நடக்கப் புதுப்பாட்டு வேண்டும் என்று அவரைப் பிடித்து வந்தவரே தம்புசாமிதான்.

போன வருடம் கிள்ளான் கோஷ்டி பேண்டு வாத்தியத்தோடு வந்து மானத்தை வாங்கிவிட்டது. இந்த வருடமோ தம்புசாமியின் துரை, துரைசானியோடு ரோட்டோரம் நின்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கோஷ்டி பட்டாளம் மாதிரி லெப்ட் ரைட் போட்டுப் போக வேண்டாமா?

அதற்கு இந்த ரெங்கசாமி செய்த காரியம் என்ன? ஒரு வாரமாக ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டு, தினமும் கோஷ்டியில் ஜால்ரா தட்டும் நாகையாவுக்குப் பின்னால் பாசார் கடைத்தெருவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வழியெல்லாம் தொடையில் தட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. நன்றாகப் பொழுதைக் கழிக்கிறார் என்று தம்புசாமி அப்போதே மனதில் குறித்துக்கொண்டார்.

"ஆதி தாளத்துல போடும். தகதிமி, தகதிமி. சின்னப் புள்ளையும் நடக்கும்."

"அதுல ஏற்கெனவே நிறையப் பாட்டு இருக்குங்களே."

"வேகமாவது இருக்கா? பொணம் தூக்குற வேகத்துல இருக்கு."

"மொதல்ல வேகமாத்தாங்க போட்டேன். ஒத்து வரல. கொறைச்சேன்."

"யாருக்கு ஒத்து வரல?"

ரெங்கசாமி ஆர்மோனியத் துருத்தியை அழுத்தினார். தம்புசாமிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"சரி, நடந்தே பாத்துடுவோம். எல்லாரும் வரிசையா நில்லுங்க."

பஜனை மடத்துக்குப் பின்னால் இருந்த திடலில் கோஷ்டி வரிசை கட்டியது.

"நாகையாவும் நிக்கட்டுங்க," என்றார் ரெங்கசாமி.

"ஒத்திகைதானே, நின்னுட்டுப் போறான்," என்று தம்புசாமி பெரிய மனது பண்ணினார்.

ஊர்வலத்தன்று நாகையாவுக்கு வருடா வருடம் வேறு வேலைதான். ரயில்வே யார்டில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும்போது அவருக்கு ஒரு பாதம் பாதி போய்விட்டது. அதிலிருந்து அவர் நடந்தால் வரிசை கெடுகிறது. "பாவம், நடந்தா உனக்குக் கால் வலிக்கும்" என்று சொல்லி அவரை மடத்து வாசலில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார வைத்தவர் தம்புசாமி. இந்த இரக்கத்தைப் பற்றி அவரே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார். ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்வலம் போன திக்கையே பார்த்தபடி நாகையா உட்கார்ந்திருந்ததை மட்டும் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

மிருதங்கம் 'தகிட தகதிமி' என்று தொடங்கியது. கோஷ்டி நடந்தது.

நடந்தது என்பது ஒரு மரியாதைக்கு. ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். பின்னால் வந்தவர் முன்னால் போனவரின் குதிகாலை மிதித்தார். சுருதிப்பெட்டிக்காரர் போய் வாழைமரத்தில் சாய்ந்தார். வரிசைக்குப் பக்கத்தில் நடந்து காட்டிய தம்புசாமி தன் வேட்டியைத் தானே மிதித்துக்கொண்டார்.

"நிறுத்து. இதுவா ஊர்வலம்? துரை பாத்தா ஆஸ்பத்திரி வண்டிக்கு ஆள் அனுப்புவாரு."

"பழகிக்கலாங்க."

"எவன் ஓய் பழகுவான்? இத்தனை பேர்ல ஒரே ஒருத்தன் இந்தத் தாளத்துக்கு ஒழுங்கா நடந்து காட்டட்டும். அவனையே முதல் ஆளா விட்டு ஊர்வலத்தை நடத்துறேன். இல்லன்னா உம்ம பாட்டைச் சுருட்டிக்கிட்டு அடுத்த கப்பலைப் பாரும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, கிராணி ஐயா."

"கேக்கட்டும். அந்த முருகனும் கேக்கட்டும்."

ரெங்கசாமி மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து ஜால்ரா சத்தம் வந்தது. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். 'தகிட' என்றபோது ஊனக்கால் சட்டென்று தரையில் பட்டு எழுந்தது. 'தகதிமி' என்றபோது நல்ல கால் நிதானமாக ஊன்றியது. இம்மி பிசகவில்லை. நாகையா தலை நிமிர்ந்து நடந்து வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கை மட்டும் ஜால்ராவை விடவில்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தம்புசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முருகன் ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார்.

ரெங்கசாமி ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்தார்.

"செருப்புக்குக் காவல் இருக்க இந்த வருசம் நீங்களே உக்காந்துக்குங்க, கிராணி ஐயா. பாவம், நடந்தா உங்களுக்குக் கால் வலிக்கும்."