மூஞ்சி தெரியாத பக்கம்

"செல்வி மூஞ்சியே தெரியலயே, மேனகா."

நெடுமாறன் தங்கையின் தோளுக்கு மேலாக லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான். காணாமல் போன அவன் மனைவியின் படமும் பெயரும் இருக்க வேண்டிய பக்கத்தில், ஆங்கில எழுத்தும் அம்புக்குறியும் தாறுமாறாக இறைந்து கிடந்தன.

தட்டாஞ்சாவடியில் அவனுடைய லேத் பட்டறையின் முன்னறை அது. அந்தப் பக்கத்தின் லிங்க் நேற்றிலிருந்து புதுச்சேரி முழுக்க வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே பார்க்கிற நேரம் பார்த்துக் காலையிலிருந்து இந்தக் கோளாறு.

செல்வி போகும்போது போனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு யாருடைய நம்பரும் மனப்பாடம் கிடையாது.

"பக்கத்த அனுப்பும்போதே இது வெப் பேஜ்னு சர்வர் சொல்லி அனுப்பணும்ணே" என்றாள் மேனகா. "நம்முது வெறும் எழுத்துன்னு சொல்லுது. பிரவுசரும் அத நம்பி, உள்ள இருக்குற புரோகிராம் கோட அப்படியே கொட்டிடுது."

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு வரிதான். எந்த எடம்னு தேடுறேன்."

ஒரு வரிக்கு ஒரு பகலா என்று எரிச்சல் வந்தது. ஆனால் இவளை விட்டால் அவனுக்கு ஆள் இல்லை. இவளும் செல்வியும் ஒரே கம்பெனியில் வெப்சைட் செய்தவர்கள். பக்கத்தில் தெரியாதபடி கோடுக்குள் மேனேஜரைத் திட்டி எழுதி வைத்து, இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். கல்யாணமானதும் செல்வியை வேலையை விட்டு நிறுத்தியவன் நெடுமாறன்தான்.

பக்கத்தைத் தயார் செய்தபோது முழுக்கை ஜாக்கெட் போட்ட படமாகப் போடச் சொன்னான். கீழே மேனகா தன் நம்பரையும் சேர்த்திருந்தாள். அது வேண்டாம், என் நம்பர் ஒன்று போதும் என்றான். அவளும் மறுபேச்சில்லாமல் தன் நம்பரை மறைத்துவிட்டாள்.

"கோவத்துல ஒரு அடி. எந்த வீட்ல இல்ல?" என்று முணுமுணுத்தான். மேனகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. வாசல் பக்கம் போய்ப் பேசினாள். "அங்கயே இருங்க" என்றது மட்டும் அவன் காதில் விழுந்தது. ஆபீஸ் விஷயமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தவள் உட்காரக்கூட இல்லை. குனிந்து ஒரு வரியைத் தட்டினாள். பக்கம் பளிச்சென்று திறந்தது. முழுக்கை ஜாக்கெட்டில் செல்வி சிரித்தாள். நெடுமாறனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இத காலையிலயே பண்ணியிருக்கலாம்ல?"

"காலைல மாத்தி வச்சதே நான்தாண்ணே." மேனகா லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். "கோடுக்குள்ள மறைச்சு வச்ச என் நம்பர் அண்ணி கண்ணுல படணும்ல. பட்டுடுச்சு, போன் பண்ணிட்டாங்க."

நெடுமாறன் அவள் பையைப் பார்த்தான். "இப்ப எங்க கெளம்பிட்ட?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. அண்ணிக்கு சாட்சி சொல்ல."